கிளுவை வேலிப் பச்சோந்தி

காங்கேயத்தைத் தாண்டித் தாராபுரம் பக்கம் போகப் போக, சாலையின் இரண்டு புறமும் கிளுவை வேலி தொடங்கிவிடும். ஆள் உயரத்துக்கு முள்ளும் கிளையுமாகப் பின்னிக் கிடக்கும் உயிர்வேலி. அதற்குள்ளே இருப்பது கொரங்காடு. கொழுக்கட்டைப்புல்லும் அங்கங்கே வெள்வேல மரமும் நிற்கிற மேய்ச்சல் நிலம் அது. காங்கேயம் மாடும் செம்மறியும் உள்ளே மேய, காவலுக்கு ஆள் நிற்க வேண்டாம் என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் போத்து நட்டு வளர்த்த வேலி. விடியற்காலையில் ஊர் ஊராக நின்று ஆள் ஏற்றிக்கொண்டு திருப்பூருக்கு விரையும் பனியன் கம்பெனி வேன்கள் இந்த வேலிகளை உரசிக்கொண்டுதான் போகின்றன. ஜன்னலோரம் தூங்கி வழிகிறவர்களுக்குக் கையெட்டும் தூரத்தில், அந்த முள்ளுக்குள், பச்சோந்தி ஒன்று ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குக் கால் வைக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

வேலியில் எல்லோர் கண்ணிலும் படுவது பச்சோந்தி அல்ல, ஒடக்கான். மற்ற ஊர்களில் ஓணான் என்பார்கள். கல்தூண் மேல் ஏறித் தலையை மேலும் கீழும் ஆட்டும்; ஆள் நிழல் பட்டதும் சரசரவென்று ஓடி மறையும். இணைசேரும் பருவத்தில் ஆணின் தலையும் தோளும் சிவந்துபோகும். அந்தச் சிவப்பைக் காட்டித்தான், தூரத்தில் இருந்தே ரத்தம் உறிஞ்சிவிடும் என்று பிள்ளைகளைப் பயமுறுத்தி வைத்தார்கள். தரையில் புல்லுக்கிடையில் ஓடித்திரிவது விசிறித்தொண்டை ஓணான். 2016-ல் அந்த வகையை ஆராய்ந்து புதிதாகப் பிரித்தறிந்தவர்கள், இரண்டு இனங்களுக்கு விசிறி என்றும் மருதம்நெய்தல் என்றும் தமிழ்ச் சொற்களையே அறிவியல் பெயராக வைத்தார்கள். இவையெல்லாம் அகாமிடே என்னும் ஒரே குடும்பம். ஆஸ்திரேலியாவில் இந்தக் குடும்பத்துப் பல்லிகளை டிராகன் என்றே அழைக்கிறார்கள்.

பச்சோந்தி இந்த டிராகன்களுக்கு மிக நெருங்கிய பங்காளி. உறவுக்குச் சாட்சி வாய்க்குள் இருக்கிறது. இரண்டு குடும்பத்துக்கும் பற்கள் குழியில் பதிந்து நிற்பதில்லை. தாடை எலும்பின் விளிம்போடு ஒட்டி, எலும்பின் நீட்சியாகவே இருக்கின்றன. மற்ற பல்லிகளுக்குப் போல அவை விழுந்து விழுந்து முளைப்பதும் இல்லை. பல் ஒன்றாக இருந்தாலும் பிழைப்பு வேறாகிவிட்டது. ஒடக்கான் ஓட்டத்தை நம்பி வாழ்கிறது. பச்சோந்தி ஓட்டத்தைக் கைவிட்டுவிட்டு, அதற்கு ஈடாகக் கண், நாக்கு, தோல், பாதம் என்று உடம்பு முழுவதையும் வேறு மாதிரி அமைத்துக்கொண்டது. அதன் உடம்பில் இருக்கிற எந்த வினோதத்தை எடுத்துக்கொண்டாலும் கடைசியில் அந்த மெதுநடைக்கே வந்து சேரும்.

உலகில் 200-க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உண்டு. அவற்றில் ஏறக்குறைய பாதி மடகாஸ்கர் தீவில். அங்கே 2021-ல் அறிவிக்கப்பட்ட ப்ரூகேசியா நானா என்ற இனத்தின் ஆண், மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை 21.6 மில்லிமீட்டர்தான், விரல் நுனியில் உட்கார்ந்துவிடும். இந்தியாவில் இருப்பது ஒரே ஓர் இனம். 1768-ல் லாரென்டி என்ற ஆஸ்திரிய அறிஞர் அதற்குக் கமேலியோ சைலானிகஸ் என்று பெயரிட்டார். இலங்கையிலும் அதே இனம்தான் வாழ்கிறது. பச்சோந்திக் குடும்பம் ஆப்பிரிக்காவில் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியிருக்க வேண்டும் என்பது மரபணு ஆய்வாளர்களின் கணிப்பு. அந்தக் குடும்பத்தின் ஒரு கிளை நடந்து நடந்து, கிளை மாறிக் கிளை மாறி, நம் ஊர் வேலிவரை வந்திருக்கிறது. எத்தனை லட்சம் தலைமுறைகள் ஆகியிருக்கும் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

அது நடப்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். காற்றோட்டமான ஒரு காலை நேரம் போதும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று இந்தப் பக்கத்தை லேசில் விடாது. காற்றாலைகள் இங்கே குவிந்திருப்பதே அதனால்தான். கிளுவைக் கிளை ஆடுகிறது. முள்ளுக்கிடையில் இலை என்று நினைத்த ஒன்று ஒரு காலை மட்டும் தூக்குகிறது. தூக்கிய கால் உடனே கீழே இறங்குவதில்லை. உடம்பு முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று முறை அசைகிறது. பிறகுதான் பாதம் அடுத்த கிளையைப் பற்றுகிறது. பற்றியபின் மறுபடியும் அதே அசைவு. காற்றில் ஆடும் இலைகளுக்கு நடுவே சீராக நகர்ந்தால்தான் பருந்தின் கண்ணில் படும். ஆடி ஆடி நகர்வது செடியின் ஒரு பகுதியாகவே தோன்றும்.

அந்தப் பாதத்தை அருகில் பார்த்தால் அது விரல்கள் கொண்ட பாதமாகவே தெரியாது. ஐந்து விரல்களும் இரண்டு கட்டாகச் சேர்ந்து எதிரெதிரே நிற்கின்றன. முன்காலில் உட்புறம் மூன்று, வெளிப்புறம் இரண்டு. பின்காலில் இது தலைகீழ்: உட்புறம் இரண்டு, வெளிப்புறம் மூன்று. நான்கு கால்களும் சேர்ந்து பற்றும்போது கிளை எந்தப் பக்கம் திரும்பினாலும் பிடி நழுவாது. ஒடக்கானுக்குக் கால்கள் உடம்பின் பக்கவாட்டில் அகன்று நிற்கும். தரையிலும் அடிமரத்திலும் ஓட அது வசதி. விரல் தடிமன் உள்ள கிளையில் அப்படி நடக்க முடியாது. பச்சோந்தியின் கால்கள் உடம்புக்கு நேர் கீழே இறங்குகின்றன. தோள்பட்டை எலும்பும் ஒவ்வோர் அடிக்கும் கூடவே திரும்புகிறது. அதனால்தான் எட்டாத கிளைக்கும் கை எட்டுகிறது. வால் ஐந்தாவது கையாகச் சுற்றிப் பிடிக்கும். பல்லிக்கு வால் அறுந்தால் முளைக்கும், பச்சோந்திக்கு முளைக்காது. அதன் வால் எதிரிக்குக் கொடுத்துவிட்டுத் தப்பிப்பதற்கு உண்டானதல்ல.

நாம் பார்க்கிறோம் என்று தெரிந்துவிட்டால் அது ஓடாது. உடம்பைப் பக்கவாட்டில் தட்டையாக்கிக்கொண்டு, கிளையை நமக்கும் தனக்கும் நடுவில் வைத்துக்கொள்ளும். நாம் இடப்பக்கம் நகர்ந்தால் அது கிளையைச் சுற்றி மறுபக்கம் திரும்பும். வலப்பக்கம் போனால் பழைய இடத்துக்கு வரும். இத்தனைக்கும் நடுவில் கிளையின் ஓரத்திலிருந்து ஒரு கண் மட்டும் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தக் கண்ணைப் பற்றி நிறையச் சொல்லலாம். மேலிமையும் கீழிமையும் ஒன்றாகச் சேர்ந்து கூம்பாகி, நடுவில் கண்பாப்பா அளவுக்கு ஒரு துளை மட்டுமே விட்டிருக்கின்றன. கூம்பு முழுவதும் திரும்பும். கிடைவாக்கில் ஏறக்குறைய 180 டிகிரி வரை. ஒரு கண் நம்மைப் பார்க்கும்போது இன்னொன்று பின்னால் பறக்கும் ஈயைப் பார்க்கலாம். தலையைத் திருப்பாமலே சுற்றியுள்ளதையெல்லாம் கவனிக்கிற உயிருக்கு அசைய வேண்டிய தேவையே பாதி குறைந்துவிடுகிறது. இவ்வளவு சுழல்கிற கண்ணில் பார்வை நரம்பு இழுபட்டு அறுந்துவிடாதா? பச்சோந்தித் தலைகளை சி.டி. ஸ்கேன் செய்து பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள் 2025-ல் அதற்கு விடை சொன்னார்கள். நரம்பு நேர்க்கோட்டில் போகவில்லை. கண்ணுக்கும் மூளைக்கும் நடுவில் சுருள் சுருளாகச் சுற்றிக் கிடக்கிறது. கண் எந்தப் பக்கம் திரும்பினாலும் கொடுப்பதற்கு நீளம் மிச்சம் இருக்கிறது. பல நூற்றாண்டுகளாக அறுத்துப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் அறுக்கும்போதே அந்தச் சுருள் கலைந்துவிடக்கூடியது என்பதால் முழு வடிவம் பிடிபடாமலே இருந்தது.

இரை தென்பட்டதும் இரண்டு கண்களும் முன்பக்கம் திரும்பி ஒரே புள்ளியில் நிலைக்கும். தூரத்தை மட்டும் அது இரண்டு கண்ணின் கோணத்தை வைத்து அளப்பதில்லை. 1977-ல் லிண்ட்சே ஹார்க்னெஸ் என்ற ஆய்வாளர் பச்சோந்திகளின் கண்முன்னே கண்ணாடி வில்லைகளை வைத்துப் பார்த்தார். நாக்கு தவறான தூரத்துக்குப் போனது. கண்ணின் லென்ஸைக் கூர்மைப்படுத்த எவ்வளவு முயற்சி தேவைப்படுகிறது என்பதிலிருந்தே அது தூரத்தைக் கணக்கிடுகிறது. கேமராவில் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பித் தூரம் அறிவதும் இதே முறைதான். 1995-ல் ஒட், ஷேஃபல் என்ற இருவர் இன்னொன்றைக் கண்டார்கள். முதுகெலும்புள்ள விலங்குகளின் கண் லென்ஸ் ஒளியைக் குவிப்பதுதான் வழக்கம். பச்சோந்தியின் லென்ஸ் ஒளியை விரிக்கும் தன்மையுடையது. குவிக்கிற வேலையைக் கருவிழியின் முன்பரப்பு செய்துவிட, லென்ஸ் விரிப்பதால் விழித்திரையில் விழும் பிம்பம் பெரிதாகிறது. கண்ணின் அளவு சிறிது. கிடைக்கிற படம் பெரிது.

இனி நாக்கு. ஒரு வெட்டுக்கிளி பிரண்டைக் கொடியில் வந்து உட்காருகிறது என்று வைத்துக்கொள்வோம். பச்சோந்தி வாயை மெல்லத் திறக்கிறது. நாக்கின் பருத்த நுனி உதட்டுக்கு வெளியே கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. ஒரு கணம் எதுவும் நடப்பதில்லை. அடுத்த கணம் வெட்டுக்கிளி கொடியில் இல்லை. பச்சோந்தியின் வாய் மூடியிருக்கிறது. நடுவில் நடந்ததை நம் கண்ணால் பிடிக்க முடியாது. உடம்பின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு தூரத்துக்கு நாக்கு போய், பத்தில் ஒரு நொடிகூட ஆகாமல் இரையைத் தொட்டுவிடுகிறது.

எந்தத் தசையாலும் இவ்வளவு வேகமாகச் சுருங்க முடியாது. 2004-ல் டி குரூட், வான் லீவன் என்ற டச்சு ஆய்வாளர்கள் அதன் உள்ளமைப்பை விளக்கினார்கள். நாக்கின் நடுவில் ஒரு வழவழப்பான எலும்புக் குச்சி. அதைச் சுற்றி வளையமாக ஒரு தசை. இரண்டுக்கும் இடையில், ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய கொலாஜன் உறைகள். தசை முதலில் மெதுவாகவே இறுகுகிறது. அந்த இறுக்கத்தில் உறைகள் நீளவாக்கில் இழுபட்டு விசையைச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. தசை எலும்பின் உருண்டையான நுனியைத் தாண்டி நழுவும் கணத்தில், சேர்ந்த விசை முழுவதும் ஒரே நேரத்தில் வெளிவருகிறது. உண்டிவில்லின் ரப்பரை நிதானமாக இழுத்துச் சட்டென்று விடுகிறோமே, அதே தத்துவம். இந்த விலங்கு தன் மெதுவான தசையைக் கொண்டு மெதுவாகவே விசையைச் சேமித்து, செலவழிக்கிற நேரத்தை மட்டும் சுருக்கிக்கொண்டது.

உடம்பு சிறியதானால் நாக்கின் முடுக்கம் இன்னும் கூடுகிறது. அமெரிக்க உயிரியலாளர் கிறிஸ்டோபர் ஆண்டர்சன் 20 இனங்களை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், தான்சானியா மலைகளில் வாழும் விரல் நீளமே உள்ள ராம்ஃபோலியான் ஸ்பினோசஸ் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 264 மடங்கு முடுக்கத்தில் நாக்கை வீசியது. ஊர்வன, பறவைகள், பாலூட்டிகள் எல்லாவற்றிலும் அளவிடப்பட்ட அசைவுகளில் எடைக்கு எடை இவ்வளவு ஆற்றல் வெளிப்பட்டதை அதுவரை யாரும் கண்டதில்லை. நம் ஊர்ப் பச்சோந்தி அதைவிடப் பல மடங்கு பெரியது. முடுக்கம் குறைவாகத்தான் இருக்கும். பிடிப்பதற்கு வெட்டுக்கிளியும் ஈயும் கும்பிடுபூச்சியும் போதும் என்பதால் அதற்கு அது குறையே அல்ல.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி குளிரைப் பற்றியது. மார்கழி, தை விடியலில் ஒடக்கான் வெயில் ஏறும்வரை ஒன்றும் செய்ய முடியாமல் கிடக்கும். ஊர்வனவற்றின் தசை சூட்டை நம்பி இயங்குவது. உடம்பு குளிர்ந்தால் வேகமும் போய்விடும். 2010-ல் ஆண்டர்சனும் ஸ்டீபன் டெபனும் ஏமன் நாட்டுப் பச்சோந்தி இனத்தை 35 டிகிரியிலிருந்து 15 டிகிரிவரை படிப்படியாகக் குளிர்வித்துச் சோதித்தார்கள். வெப்பம் 10 டிகிரி இறங்கும்போது நாக்கு வெளியே பாயும் திறன் 10 முதல் 19 விழுக்காடு மட்டுமே குறைந்தது. திரும்ப உள்ளே இழுக்கும் திறனோ 42 முதல் 63 விழுக்காடு விழுந்துவிட்டது. பாய்வது நார்களில் சேர்ந்த விசையால், இழுப்பது வெறும் தசையால் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. மற்ற பல்லிகள் வெயிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பச்சோந்திக்கு முதல் பந்தி கிடைத்துவிடுகிறது.

வெட்டுக்கிளி ஒட்டிக்கொண்டு வருவதற்குக் காரணம் எச்சில். 2016-ல் பெல்ஜிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, நாக்கு நுனியில் சுரக்கும் சளி மனித உமிழ்நீரைவிடச் சுமார் 400 மடங்கு பிசுபிசுப்பாக இருந்தது. நுனி இரையைத் தொடும்போது குழிந்து கவ்விக்கொள்வதும் உண்டு. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு உள்ள இரையைக்கூட அதனால் இழுத்து வர முடிகிறது.

நிறத்துக்கு வருவோம். உட்கார்ந்த இடத்தின் நிறத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும் என்பதுதான் பொதுவான நம்பிக்கை. சிவப்புத் துணியில் விட்டால் சிவப்பாகும் என்று சொல்வார்கள், ஆகாது. பச்சை, மஞ்சள், பழுப்பு, சாம்பல் என்ற தன் எல்லைக்குள் அது மாறும். அந்த வண்ணங்கள் வேலிக்குப் பொருந்துவதால் மறைவும் கிடைக்கிறது. ஆனால் மாற்றத்தைத் தூண்டுவது வெயில், குளிர், பயம், கோபம், இணை தேடும் வேட்கை ஆகியவைதான். காலையில் சூடு வேண்டும்போது கறுத்து வெயிலை வாங்கும். எதிராளி வந்தால் உடம்பை ஊதிப் பெரிதாக்கி, புள்ளியும் பட்டையும் பளிச்சிடச் சீறும். இருட்டில் தூங்கும்போது வெளிறிவிடும். டார்ச் வெளிச்சத்தில் வேலியில் வெள்ளை வெளேரென்று தெரியும் என்பதால், பச்சோந்திகளைக் கணக்கெடுப்பவர்கள் இரவில்தான் கிளம்புகிறார்கள். கட்சி தாவுகிறவரைப் பச்சோந்தி என்று ஏசுகிறோம். தன் மனநிலையை ஊரறிய உடம்பில் எழுதிக்காட்டும் ஒரு பிராணிக்கு அது பெரிய அநியாயம்.

அந்த நிறம் உண்டாகும் விதம் திருப்பூர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. இந்த ஊருக்கு நிறம் என்றால் சாயம். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். அடர்ந்த நிறத்துக்கு இன்னும் அதிகம். அந்த உப்பும் சாயமும் நொய்யல் ஆற்றில் இறங்கியதன் விளைவை நாம் அறிவோம். பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப்போனது. கீழே உள்ள நிலங்கள் உப்பேறின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இப்போது கழிவுநீரைச் சுத்திகரித்து, ஆவியாக்கி, உப்பைப் பிரித்தெடுத்து மறுபடியும் தொட்டிக்கே கொண்டுவரும் ஏற்பாட்டில் தொழில் நடக்கிறது. ஒரு சட்டையின் நிறத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

பச்சோந்தியின் பச்சையில் பச்சைச் சாயம் கிடையாது. தோலில் மஞ்சள் நிறமி உண்டு, சிவப்பு நிறமி உண்டு, கறுப்பு நிறமி உண்டு. நீலம் மட்டும் நிறமியால் வருவதல்ல. 2015-ல் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் மிஷேல் மிலின்கோவிச் குழுவினர் மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியை ஆராய்ந்து இதை விளக்கினார்கள். தோலின் மேலடுக்குச் செல்களுக்குள், குவானின் என்ற பொருளின் நுண்படிகங்கள் வரிசை தப்பாமல் அடுக்கப்பட்டிருக்கின்றன. நம் டி.என்.ஏ.-வின் நான்கு எழுத்துகளில் ஒன்றும் இதே குவானின்தான். படிகங்களுக்கு நிறம் இல்லை. அவற்றுக்கிடையே உள்ள இடைவெளிதான் எந்த ஒளி திரும்பி வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. பச்சோந்தி நிதானமாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கி நிற்கும். நீல ஒளி திரும்பும். மேலே உள்ள மஞ்சள் நிறமியோடு சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும். சினம் கொண்டால் படிகங்கள் ஏறக்குறைய 30 விழுக்காடு விலகிப்போகும். திரும்பும் ஒளி நீலத்திலிருந்து மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நகரும். ஒரு சொட்டுச் சாயம்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இதை அவர்கள் நிரூபித்ததும் உப்பைக் கொண்டுதான். தோல் துண்டைச் செறிவு கூடிய உப்புக் கரைசலில் வைத்தபோது செல்களிலிருந்து நீர் வெளியேறியது, செல்கள் சுருங்கின, படிகங்கள் நெருங்கின. சிவந்த நிறம் கண்முன்னே நீலத்தை நோக்கி நகர்ந்தது. இந்த அடுக்குக்குக் கீழே இன்னோர் அடுக்கு உண்டு. அதில் உள்ள பெரிய, ஒழுங்கற்ற படிகங்கள் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. மேலடுக்கு பேச, கீழடுக்கு வெயிலைத் தடுக்கிறது. சித்திரை வெயிலில் முள்வேலியில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பிராணிக்கு இப்படி ஒரு காப்பு எவ்வளவு அவசியம் என்று இந்த ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மெதுவாக வாழ்வது பச்சோந்திக்கு மட்டும் வாய்த்த வழியல்ல. உடுமலைக்குத் தெற்கே அமராவதியைத் தாண்டி மலையேறினால், ஆனைமலையும் பழனிமலையும் சேர்ந்த உச்சிச் சோலைகளில், 1878-ல் பெடோம் விவரித்த சாலியா அனமலயானா என்ற ஓணான் வாழ்கிறது. மஞ்சு மூடிய குளிர்ப் புதர்களில் நிதானமாக நகரும் இது, சமவெளி ஒடக்கானுக்கு உறவு என்றால் நம்பச் சற்று நேரமாகும். இலங்கையின் நுவரெலியா பக்கத்து மலைக்காடுகளில் இன்னும் ஒருபடி மேலே போன ஒரு டிராகன் இருக்கிறது: கோஃபோட்டிஸ் சைலானிகா. கைவிரல் அளவு உடம்பு, பாசி படிந்த கிளையைச் சுற்றிப் பிடிக்கும் வால், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் நீண்ட யோசனை. இது பச்சோந்தி அல்ல, அகாமிடே குடும்பத்தைச் சேர்ந்தது. கிளைகளுக்கு நடுவில் மெதுவாக வாழ வேண்டும் என்ற ஒரே தேவை, பங்காளிகள் இருவரையும் தனித்தனியே ஒரே மாதிரி வாலுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறது. மலைக்குளிரில் முட்டையை மண்ணில் விட்டால் பொரியாது என்பதாலோ என்னவோ, கோஃபோட்டிஸ் முட்டையிடுவதையும் விட்டுவிட்டுக் குட்டி போடுகிறது.

நம் பச்சோந்தி முட்டைதான் இடும். அதற்காகத் தரையிறங்கும் பொழுதுதான் தாய்க்கு மிகவும் ஆபத்தான நேரம். கிளையைப் பற்றுவதற்கென்றே அமைந்த பாதங்களை வைத்துக்கொண்டு வெட்டவெளியில் தள்ளாடித் தள்ளாடிப் போய், ஈரமுள்ள மண்ணைத் தேடிக் குழி பறித்து, 10 முதல் 30 முட்டை வரை இட்டு, மண்ணால் மூடிவிட்டுத் திரும்ப வேண்டும். செம்போத்து, பாம்பு, பூனை எல்லாம் சுற்றிலும் உண்டு. கொங்கு நாடெங்கும் பெருகிவிட்ட மயிலும் சும்மா விடாது. முட்டைகள் பல மாதங்கள் மண்ணுக்குள் கிடந்து பொரியும். குஞ்சுக்கு யாரும் எதையும் கற்றுத்தருவதில்லை. மண்ணிலிருந்து வெளிவந்து, முதல் செடியில் ஏறி, கொசு அளவுப் பூச்சியைப் பார்த்து நாக்கை நீட்டும்போது அதன் குறி ஏற்கெனவே சரியாகத்தான் இருக்கிறது. தாகத்துக்கு இலையில் தங்கிய பனித்துளியை நக்கிக் குடிக்கும். குட்டையைத் தேடிப் போகாது.

இப்படி ஒரு பிராணிக்கு வேலி என்பது ஊரும் தெருவும் சந்தையும் எல்லாமும். கிளுவையோடு கிளுவை பின்னி, அதில் கோவைக்கொடியும் பிரண்டையும் வேலிப்பருத்தியும் படர்ந்து, மைல் கணக்கில் அறுபடாமல் போகும்போது, பச்சோந்தி கீழே இறங்காமலே ஆயுள் முழுக்க நடக்கலாம். கொடி பூத்தால் பூச்சி வரும். பூச்சியைத் தேடிப் பச்சோந்தி வரும். கொரங்காடு மனையாகப் பிரிந்தாலும், மில்லுக்கும் கோழிப்பண்ணைக்கும் கைமாறினாலும், முதலில் போவது இந்த வேலிதான். ஒரு ஜே.சி.பி. அரை நாளில் பிடுங்கிப் போட்டுவிடும். அந்த இடத்தில் வருவது கல்காலும் வலைக்கம்பியும். கம்பியில் இலை இல்லை, நிழல் இல்லை, பனித்துளி தங்க இடமில்லை. மீதமிருக்கும் இரண்டு வேலித் துண்டுகளுக்கு நடுவே அகலப்படுத்திய தார்ச்சாலை. ஒடக்கான் அதை ஒரே ஓட்டத்தில் கடந்துவிடும். பச்சோந்தியோ சாலை நடுவிலும் அதே இரண்டு மூன்று முன்பின் அசைவோடுதான் ஒவ்வோர் அடியையும் வைக்கிறது. காற்றில் ஆடும் இலை என்ற வேஷம் தார்ச்சாலையில் செல்லுபடியாவதில்லை. வண்டி வந்தால் ஓடத் தெரியாது; வாயைத் திறந்து சீறி, கறுத்து, நின்ற இடத்திலேயே நிற்கும். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைப் பிடிக்கவும் கொல்லவும் தடை செய்கிறது. உலகச் சந்தையில் இதை விற்பதற்கும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாடு உண்டு. வேலிக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. வேலியை வைத்திருப்பதும் பிடுங்குவதும் காட்டுக்காரரின் முடிவு. மாடு வளர்த்துக் கட்டுபடியானால் கொரங்காடு நிற்கும். கொரங்காடு நின்றால் வேலியும் நிற்கும். பச்சோந்தியைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள் முதலில் பேச வேண்டியது காங்கேயம் மாட்டின் விலையையும் வெள்வேலங்காயின் வரத்தையும் பற்றித்தான் என்பது என் எண்ணம்.

சாலையில் ஒன்றைப் பார்த்தால் செய்ய வேண்டியது எளிது. அதற்கு விஷம் இல்லை, சீறுவதெல்லாம் மிரட்டல்தான். வாலைப் பிடித்துத் தூக்க வேண்டாம். வண்டியை ஓரம் கட்டி, பின்னால் வருகிறவர்களைக் கையசைத்து நிறுத்திவிட்டு, விரல் தடிமனுள்ள ஒரு குச்சியை அதன் முன்காலுக்கு முன்னே நீட்டினால் போதும். கொஞ்சம் யோசிக்கும். பிறகு ஒரு கால், இன்னொரு கால் என்று ஏறி, வாலையும் சுற்றிக்கொள்ளும். எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்து வேலியில், கொடி அடர்ந்த இடமாகப் பார்த்துக் குச்சியைச் சாய்த்து வைத்துவிட்டு வர வேண்டும். அவசரப்படுத்தாதீர்கள், தானாக இறங்கிக்கொள்ளும். வயிறு பருத்த பெண்ணாக இருந்தால் அது முட்டையிடப் போகிற வழி. பழைய பக்கமே திருப்பி விட்டுவிட்டால் மறுநாள் அதே சாலைக்கு மறுபடியும் இறங்கும்.